வெறும் பதிலுக்கும் வில்லங்கச் சான்று வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்கள் அலுவலக வேலைகளைத் தாமே செய்து முடிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது வரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். (முகவர் என்று எழுதினால் கீழே வரப்போகும் முகவரியோடு குழம்பிவிடும் என்பதால் ஏஜென்ட் என்றே எழுதுகிறேன், தமிழ் ஆர்வலர்கள் பொறுத்தருள வேண்டும்.) ஏஜென்ட் எதையெல்லாம் செய்யும், அதனால் யாருடைய வேலை போகும் என்ற பேச்சு அக்கட்டுரைகளில் நிறைய உண்டு. ஆனால் அந்த ஏஜென்ட் வெளியிலிருந்து ஒரு தகவலை வாங்கப் போகும்போது அதற்கு உதவும் கருவியைப் பற்றி அதன் முன் வைக்கப்படும் நான்கைந்து வரி விளக்கத்தை யார் எழுதுகிறார்கள், அதில் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைப் பற்றி எவரும் பேசிக் கண்டதில்லை. அந்த வரிகளை எழுதுவதுதான் என் பிழைப்பு. அதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லவே இக்கடிதம்.

கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஆவணம் எழுதுபவனாக வேலை பார்க்கிறேன். நாங்கள் செய்து கொடுத்த கருவிகளில் ஒன்று, கிரிப்டோ நாணயக் கணக்கான வாலட்டின் முகவரி ஒன்றை (வங்கிக் கணக்கு எண் போன்றது) கொடுத்தால் அதன் பரிவர்த்தனை வரலாற்றை எடுத்துத் தருவது. மனிதர்கள் திறந்து பார்க்கும் திரை அதற்குக் கிடையாது. ஏஜென்ட் கேட்கும், கருவி சொல்லும், அவ்வளவுதான். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பருவத்தில், எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவருடைய அலுவலகத்தில் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கட்சிக்காரர் ஒருவரின் முகவரியைக் கொடுத்து, 2024-25 நிதியாண்டில் நடந்த பரிவர்த்தனைகளைப் பட்டியலிடச் சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்ட் கருவியை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இந்த நிதியாண்டில் இம்முகவரியில் பரிவர்த்தனை எதுவும் நடைபெறவில்லை" என்று தெளிவான தமிழில் பதில் சொல்லிவிட்டது. உதவியாளர் அந்த இடத்தில் சுழியத்தைப் போட்டுக் கோப்பை மூடி வைத்துவிட்டார்.

கையெழுத்துப் போட வந்த கட்சிக்காரர்தான், "சார், நான் நாலைந்து தடவை வித்திருக்கேனே" என்று சொல்லி அதைத் திறக்க வைத்தார். அவர் பயன்படுத்தியது பாலிகான் செயின். (செயின் அல்லது பிளாக்செயின் என்பது கிரிப்டோ பரிவர்த்தனைகள் பதிவாகும் பொதுக் கணக்கேடு; பாலிகான், ஈதீரியம் என்று அவை பல.) வேறு எதுவும் சொல்லாவிட்டால் கருவி ஈதீரியத்தில்தான் தேடும். இரண்டிலும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றே; சுழியம்-எக்ஸ் என்று தொடங்கி 40 எழுத்துகளும் எண்களும் வருகிற அதே வரிசை. பாலிகான், ஆர்பிட்ரம், பேஸ், பிஎன்பி செயின் ஆகிய எல்லாவற்றிலும் அதே முகவரி தனித்தனிக் கணக்காக இயங்கும். ஈதீரியத்தில் அந்த மனிதர் எதையும் வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை. ஆகவே கருவி சொன்னது பொய்யல்ல; ஏஜென்ட் சொன்னது பொய்யாகிவிட்டது. கருவிக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த விளக்கம் ஒரே வரி: "ஒரு முகவரியின் பரிவர்த்தனை வரலாற்றைத் தரும்." எழுதும்போது அது அழகாகவும் சுருக்கமாகவும் இருப்பதாக மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

அந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு கனம் என்பதை வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற நெறிமுறை வந்த பிறகு, இத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன. கருவிக்கு ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன உள்ளீடுகள் எந்த வடிவில் வேண்டும் என்ற வரையறை ஆகிய மூன்றும் ஏஜென்டின் முன் வைக்கப்படும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது, எப்படிக் கேட்பது, வந்த விடையை எப்படிப் பொருள்கொள்வது என்பதையெல்லாம் அது பெரும்பாலும் அந்த மூன்றை வைத்தே தீர்மானிக்கிறது. மனிதர் ஒருவர் திரையில் வெற்றுப் பட்டியலைக் கண்டால் நெற்றியைச் சுருக்குவார், மேலே செயின் பெயரைப் பார்ப்பார், பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார். ஏஜென்டுக்கு அந்தப் பக்கத்து இருக்கையும் நான் எழுதுகிற விளக்கம்தான். அதில் சொல்லாமல் விட்டதை அது கேட்டுத் தெரிந்துகொள்ளாது. தன் போக்கில் இட்டு நிரப்பி, சற்றும் தயங்காத நடையில் எழுதிவிடும்.

இந்தத் தவறுக்குப் பிறகு விளக்கத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று. மனை வாங்கப் போகிற எவரும் அதை ஒருமுறையாவது கையில் வைத்துப் படித்திருப்பார்கள். வில்லங்கம் எதுவும் இல்லை என்று வரும் சான்றும் வெற்றுத்தாளாக வருவதில்லை. எந்தக் கிராமம், எந்தச் சர்வே எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தேடப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்ன இடத்தில் இன்ன காலத்துக்குத் தேடினோம், பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்று பெரியவர்கள் சொல்வது, தேடிய காலம் குறைந்தால் சான்றின் மதிப்பும் குறையும் என்று அறிந்துதான். பதிவு செய்யாத உடன்படிக்கை அதில் வராது என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிரிப்டோவைச் சொத்து என்றே கருத வேண்டும் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ள நிலையில், அந்தச் சொத்தின் வரலாற்றைச் சொல்லும் கருவிக்கு நம் சார்பதிவாளர் அலுவலகம் கடைப்பிடிக்கும் ஒழுங்காவது இருக்க வேண்டாமா?

பரிவர்த்தனை வரலாறு என்பது ஏற்கெனவே ஒரு பேரேட்டில் முகவரி வாரியாக எழுதி வைத்த பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பக்கம் கிடையாது. ஈதீரிய வலையமைப்பில் இயங்கும் ஒரு கணினியிடம் இந்த முகவரியில் இப்போது இருப்பு எவ்வளவு என்று கேட்கலாம். இந்தப் பரிவர்த்தனையின் விவரம் என்ன என்று அதன் அடையாள எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். ஆனால் இந்த முகவரியின் பழைய பரிவர்த்தனைகளையெல்லாம் கொடு என்று கேட்பதற்கு அதன் வழக்கமான கட்டளைகளில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான், பரிவர்த்தனைகள் கட்டுக்கட்டாகப் பதியப்படும் தொகுதிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்து அட்டவணையிட்டு வைத்திருக்கும் ஈதர்ஸ்கேன் போன்ற தளங்களை நாட வேண்டியிருக்கிறது. அங்கும் ஒரே பட்டியல் இல்லை. ஒருவர் நேரடியாக ஈதர், அதாவது ஈதீரியத்தின் சொந்த நாணயம், அனுப்பியது ஒரு பட்டியல். செயினின் மேல் பிறர் உருவாக்கும் நாணயமான டோக்கன் கைமாறியது, அதை நடத்தும் ஒப்பந்த நிரலின் (செயினிலேயே தானாக இயங்கும் நிரல்) நிகழ்வுப் பதிவுகளில் இருக்கும். அது இன்னொரு பட்டியல். ஒப்பந்த நிரலே ஒருவருக்கு ஈதர் அனுப்பினால், அக மாற்றம் என்று அது மூன்றாவது பட்டியலில் போய் உட்காரும். ஒருவர் டோக்கனை விற்று ஈதர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம்: டோக்கன் போனது இரண்டாம் பட்டியலில், ஈதர் வந்தது மூன்றாம் பட்டியலில். கருவி முதல் இரண்டை மட்டும் பார்த்தால், மனிதர் டோக்கனை யாருக்கோ தானமாகக் கொடுத்துவிட்டதாகத் தோன்றும்.

இதோடு பக்க வரம்பும் சேர்கிறது. நாங்கள் கருவியைச் செய்தபோது ஈதர்ஸ்கேனில் ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 10,000 பதிவுகள்தான் கிடைத்தன. அதற்கு மேல் வேண்டுமென்றால் தொகுதி எண்களின் வரம்பை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். நாள் முழுக்கத் தானியங்கி வணிகம் செய்கிறவரின் முகவரி அந்த எண்ணைச் சீக்கிரமே தாண்டிவிடும். சரியாக 10,000 வரிகள் கொண்ட ஒரு விடை முழுமையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது என்னைப் போன்றவனுக்கு உடனே உறைக்கும். ஏஜென்டோ "10,000 பரிவர்த்தனைகள் உள்ளன" என்று அடித்துச் சொல்லும். இந்த வரம்பை விளக்கத்தில் எழுதினால் மட்டும் போதாது. மிச்சம் இருக்கிறது, இந்த இடத்திலிருந்து தொடரவும் என்று விடைக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நாங்கள் பின்னணியில் பயன்படுத்திய ஒரு தரவுச் சேவையில், பரிவர்த்தனை எதுவும் இல்லாவிட்டாலும், கேள்வி நிறைவேறியதா என்று காட்டும் நிலைக் குறியீடு சுழியம். கேட்டதில் பிழை இருந்தாலும், ஒரு நொடிக்கு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் கேட்டு விரட்டப்பட்டாலும் அதே சுழியம். வேறுபாடு பக்கத்தில் வரும் ஒரு சொற்றொடரில் மட்டுமே. எங்கள் நிரல் அந்தச் சொற்றொடரைப் பார்க்காமல் சுழியத்தை மட்டும் பார்த்து வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்ததால் திரும்பி வந்தவன், வீட்டில் யாருமே இல்லை என்று சொன்ன கதைதான். ஆவணம் எழுதுபவனுக்கு நிரல் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: "எந்தச் சூழ்நிலையில் இந்தக் கருவி வெற்றுப் பட்டியல் தரும்?" என்று விளக்கத்தில் எழுதுவதற்காக நிரலாளரிடம் கேட்டபோதுதான் இந்தக் குறையே வெளிவந்தது.

தொகைகளுக்கு வருகிறேன். ஒரு ஈதர் என்பது ஒன்றுக்குப் பின் 18 சுழியம் போட்ட அளவு வெய் (ஈதரின் மிகச் சிறிய அலகு). பிளாக்செயினில் எழுதப்படுவது வெய் கணக்கில்தான். ஒன்றரை ஈதர் என்றால் 1500000000000000000. டாலருக்கு இணையாக வைக்கப்படும் யுஎஸ்டிடி டோக்கன் ஈதீரியத்தில் ஆறு தசம இடங்கள் கொண்டது. எனவே 250 யுஎஸ்டிடி அங்கே 250000000 என்று நிற்கும். அதே பெயர்கொண்ட டோக்கன் பிஎன்பி செயினில் 18 தசம இடங்கள் கொண்டது. ஏஜென்டிடம் வெறும் எண்ணைக் கொடுத்துவிட்டு எத்தனை தசம இடம் என்று சொல்லாமல் விட்டால், 250 டாலரை ஒரு பைசாவுக்கும் கீழே இறக்கிவிடவும் கூடும், எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடவும் கூடும். இன்னொரு நுணுக்கம்: ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியின் வழக்கமான எண் வகை பிசகாமல் வைத்துக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய முழு எண் 9007199254740991, 16 இலக்கம். வெய் கணக்கு அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆகவே தொகையை எண்ணாக அனுப்பாமல் எழுத்துச் சரமாக அனுப்ப வேண்டும். மூலத் தொகை, தசம இடம், வாசிக்கத்தக்க தொகை ஆகிய மூன்றும் சேர்ந்தே வரும் என்று விளக்கத்தில் சொல்லவும் வேண்டும். கடைசி இலக்கங்கள் மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஐந்தொகை ஒரு ரூபாய் இடித்தால் இரவு முழுக்க உட்கார்ந்து தேடும் ஆடிட்டர் அலுவலகத்தில் போய் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி சொன்னேன்.

நேரக் கணக்கு நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி. பிளாக்செயினில் பதியப்படுவது உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. 2025 ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குத் திருப்பூரில் ஒருவர் ஒரு டோக்கனை விற்றால், பதிவில் அது மார்ச் 31 இரவு 8.30 என்றுதான் இருக்கும். ஏஜென்ட் தேதியை அப்படியே படித்தால் விற்பனை முந்தைய நிதியாண்டில் விழுந்துவிடும். அதற்கு மேல், ஈதீரியத்தில் நேரம் நொடிக் கணக்கில் வரும். ட்ரான் வலையமைப்பின் பதிவுகளில் மில்லிநொடிக் கணக்கில் வரும். மில்லிநொடியை நொடியாக எடுத்துக்கொண்டால் தேதி பல்லாயிரம் ஆண்டுகள் தள்ளிப் போகும், நொடியை மில்லிநொடியாக எடுத்துக்கொண்டால் 1970-க்குப் போய்விடும் என்பதால் அந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும். ஐந்தரை மணி நேரப் பிழை அப்படிப் படாது.

வரிச் சட்டம் இவற்றையெல்லாம் மன்னிக்கிற சட்டமும் அல்ல. அந்த நிதியாண்டுக்குப் பொருந்திய 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2022-இல் சேர்க்கப்பட்ட 115பிபிஎச் பிரிவின்படி, கிரிப்டோ போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளின் கைமாற்றத்தில் கிடைக்கும் வருமானத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றில் ஏற்பட்ட நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் ஈடுகட்டவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. படிவத்தில் வாங்கிய தேதி, கைமாற்றிய தேதி, வாங்கிய விலை, பெற்ற தொகை என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஈதீரியத்தில் தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கும் கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் பிடிக்கப்படும். அதை விற்பனை என்று ஏஜென்ட் எழுதினால் இல்லாத வருமானம் முளைக்கும். கட்டணத்தை வாங்கிய விலையோடு கேட்காமல் சேர்த்துவிட்டால் துறையிலிருந்து கேள்வி வரும். எனவே நிலை, தொகை, கட்டணம் மூன்றும் தனித்தனிப் புலங்களாக வர வேண்டும்; தோல்வியடைந்தவற்றை மறைக்காமல், தோல்வி என்ற முத்திரையோடு தர வேண்டும்.

பிட்காயினில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே இருப்பு என்பது நம் சட்டைப்பையில் இருக்கும் நோட்டுகள் போன்றது. ஒரு முழு பிட்காயின் மதிப்புள்ள நோட்டு ஒன்றே கையில் இருக்கும்போது 0.2 பிட்காயின் கொடுக்க வேண்டுமென்றால் முழு நோட்டையும் நீட்டி, ஏறத்தாழ 0.8 பிட்காயினைச் சில்லறையாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சில்லறை பெரும்பாலும் அவருடைய வேறொரு புதிய முகவரிக்கு வரும். பேருந்தில் 500 ரூபாயை நீட்டி 15 ரூபாய்ப் பயணச்சீட்டு வாங்கியவர் 500 ரூபாய் செலவழித்ததாக எழுதினால் எப்படியோ, அப்படித்தான் சில்லறை முகவரியை அறியாத ஏஜென்ட் ஒரு முழு பிட்காயினும் விற்கப்பட்டதாக எழுதும். ஒரே ஒரு முகவரியைக் கொண்டு பிட்காயின் வைத்திருப்பவரின் கணக்கைச் சொல்ல முடியாது என்பதைக் கருவியின் விளக்கத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.

பெயர்களை நம்புவதும் ஆபத்து. பாலிகான் செயினின் சொந்த நாணயத்துக்கு மேட்டிக் என்ற பெயர் 2024 செப்டம்பரில் போல் என்று மாறியது. அதே நிதியாண்டின் முற்பாதியில் மேட்டிக் வாங்கிப் பிற்பாதியில் போல் விற்றவரை, வாங்காததை விற்றவர் என்று ஏஜென்ட் சந்தேகிக்க இடமுண்டு. டோக்கன்களின் பெயரையோ யாரும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எனவே ஒப்பந்த முகவரிதான் அடையாளம், பெயர் வெறும் அலங்காரம் என்று விளக்கம் சொல்ல வேண்டும். கேட்காமலேயே நம் வாலட்டில் வந்து விழும் டோக்கன்கள் பல. "பரிசைப் பெற இந்தத் தளத்துக்குச் செல்க" என்பதையே பெயராகக் கொண்டவை அவற்றில் உண்டு. மனிதர் அதைக் குப்பை என்று தள்ளிவிடுவார். ஏஜென்டோ தரவையும் கட்டளையையும் ஒரே மூச்சில் படிக்கிறது. அதற்கு அந்தப் பெயரும் ஒரு கட்டளையாகப் படக்கூடும். பிளாக்செயினிலிருந்து வரும் பெயர், குறிப்பு, உரை எதையும் கட்டளையாகக் கொள்ளக் கூடாது என்று இப்போது என் விளக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டதாலேயே அது முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

முகவரி நஞ்சூட்டல் எனப்படும் மோசடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது நடப்பதே பரிவர்த்தனை வரலாற்றுக்குள்தான். நாம் அடிக்கடி பணம் அனுப்பும் முகவரியின் முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் ஒத்திருக்கும்படி ஒரு போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து நமக்கு அற்பத் தொகை அனுப்புவார்கள். அல்லது நாமே அதற்குச் சுழியத் தொகை அனுப்பியது போன்ற ஒரு பதிவை, நம் ஒப்புதல் இல்லாமலே டோக்கன் நிரலின் வழியே உண்டாக்குவார்கள். பிறகு எப்போதாவது நாம் வரலாற்றைத் திறந்து, கடைசியாக அனுப்பிய முகவரியை நகலெடுத்து அனுப்பினால் பணம் போலிக்குப் போய்விடும். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி 1,155 பிட்காயினுக்கு ஈடான டோக்கன்களை, சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, ஒரே சொடுக்கில் அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பின் திருடியவர் திருப்பிக் கொடுத்தது அவருடைய நல்லூழ். நம்முடைய ஏஜென்டிடம் "போன மாதம் அனுப்பிய அதே முகவரிக்கு அனுப்பு" என்று சொல்வது எவ்வளவு இயல்பான பேச்சு! வரலாற்றுக் கருவி தரும் முகவரிகளைப் பணம் அனுப்பும் இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற ஒரு வாக்கியமும், முகவரியை நடுவில் புள்ளியிட்டுச் சுருக்காமல் 40 எழுத்தும் முழுமையாகத் தருவதும், சுழியத் தொகைப் பதிவுகளைத் தனியே குறிப்பதும் இதற்குக் குறைந்தபட்சக் காப்பு.

கருவி எதைக் கேட்கக் கூடாது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. வரலாற்றைப் படிக்க முகவரி போதும். பணத்தையே எடுக்க வழிவிடும் வாலட்டின் 12 அல்லது 24 மீட்புச் சொற்களோ தனிச்சாவியோ ஒருபோதும் தேவையில்லை. எங்கள் சோதனையில், முகவரி கிடைக்காதபோது ஒரு ஏஜென்ட் உதவும் ஆர்வத்தில் மீட்புச் சொற்களைத் தரும்படி பயனரைக் கேட்டதை நானே திரையில் பார்த்தேன், வயிற்றைக் கலக்கியது. இந்தக் கருவி படிக்க மட்டும் வல்லது என்று குறிப்பதற்கு மேற்சொன்ன நெறிமுறையில் ஓர் இடம் உண்டு. ஆனால் அது வெறும் குறிப்பே தவிரப் பூட்டு அல்ல என்று நெறிமுறையே எச்சரிக்கிறது. தவிர, ஒரு முகவரியை வெளித் தளத்திடம் கேட்பதே ஒரு செய்திதான்: இன்ன அலுவலகம் இன்ன முகவரிகளை ஒன்றாகக் கேட்டது என்பது அங்கே தெரிந்துவிடும். கட்சிக்காரரின் பெயரை அந்தக் கேள்வியோடு அனுப்பக் கூடாது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவையும் சரி செய்தாலும் கருவியால் காட்டவே முடியாத பகுதி ஒன்று எஞ்சுகிறது. நம் நாட்டில் அதுதான் பெரிய பகுதியாக இருக்கும் என்பது என் கணிப்பு. கிரிப்டோவை வாங்கி விற்க இடம் தரும் நிறுவனமான எக்ஸ்சேஞ்சுக்குள் நடக்கும் வாங்கல் விற்றல்கள் அந்த எக்ஸ்சேஞ்சின் சொந்தக் கணக்கேட்டில் எழுதப்படுகின்றனவே ஒழியப் பிளாக்செயினில் அல்ல. உள்ளே போட்டதும் வெளியே எடுத்ததும் மட்டும்தான் வெளியில் தெரியும். பதிவு செய்யாத உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் வராதது போலத்தான் இதுவும். அந்தக் கணக்கு அறிக்கையை எக்ஸ்சேஞ்சிடமிருந்துதான் தனியாக வாங்க வேண்டும் என்று ஆடிட்டர்களுக்குத் தெரியும். ஏஜென்டுக்கு யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும்.

நான் இப்போது எழுதியிருக்கும் விளக்கத்தின் சாரம் இது: "ஒரு செயினில், ஒரு முகவரியில், கொடுக்கப்பட்ட இரு தேதிகளுக்கு இடையே பிளாக்செயினில் பதிவான பரிவர்த்தனைகளைத் தரும். செயின் பெயரைப் பயனரிடம் கேட்டுப் பெறவும், ஊகிக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்சுக்குள் நடந்தவை இதில் வாரா. ஒவ்வொரு விடையிலும் தேடிய எல்லை என்ற பகுதி இருக்கும். அதைப் பயனருக்குச் சொல்லாமல் எண்ணிக்கையையோ தொகையையோ சொல்ல வேண்டாம். வெற்றுப் பட்டியல் என்பது இந்த எல்லைக்குள் பதிவு இல்லை என்று மட்டுமே பொருள்படும்." செயின் என்ற உள்ளீட்டைக் கட்டாயமாக்கியும் விட்டோம், இனிக் கொடுக்காவிட்டால் கருவி ஓடாது, பிழை என்றே சொல்லும். தேடிய எல்லை என்ற பகுதியில் செயின், முதல் தொகுதி, கடைசித் தொகுதி, இந்திய நேரப்படி தொடக்கமும் முடிவும், மூன்று பட்டியல்களில் எவை பார்க்கப்பட்டன, மிச்சம் உண்டா இல்லையா என்பவை வரும்.

இதே வேலையைச் செய்யும் மற்ற நிறுவனங்களின் கருவி விளக்கங்கள் சிலவற்றையும் படித்துப் பார்த்தேன். நான் முதலில் எழுதிய அதே ஒற்றை வரிதான் வேறு வேறு சொற்களில் பலவற்றில் இருக்கிறது. கருவியை வாங்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் விலையையும் வேகத்தையும் மட்டும் விசாரிக்காமல், ஏஜென்டுக்குக் காட்டப்படும் விளக்கத்தை அப்படியே தாளில் அச்சிட்டுத் தரும்படி கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதைப் படிக்க நிரல் அறிவு தேவையில்லை. ஒரு கிரயப் பத்திரத்தைப் படிக்கும் பொறுமை போதும். பத்திரத்தில் நாற்புற எல்லை விவரம் இல்லாவிட்டால் எப்படிக் கேட்போமோ அப்படிக் கேட்கலாம். வணிகப் பக்கத்தில் ஏஜென்ட்கள் பற்றி எழுதும் தங்கள் கட்டுரையாளர்களும் ஒருமுறை அந்த விளக்கங்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டால் வாசகர்களுக்குப் பயன்படும்.

அந்தக் கட்சிக்காரரின் கணக்கு உரிய தேதிக்குள் திருத்தமாகவே தாக்கலானது. ஆடிட்டர் அலுவலக உதவியாளர் இப்போது விடையில் தொகையைப் பார்ப்பதற்கு முன் தேடிய எல்லையைப் பேனாவால் கோடிட்டுப் படிக்கிறார். எங்கள் அலுவலகத்திலோ, விளக்கம் மிக நீண்டுவிட்டது, ஒவ்வொரு முறையும் ஏஜென்டின் நினைவில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று நிரலாளர்கள் குறைப்பட்டார்கள். குறை நியாயமானது, உட்கார்ந்து பாதியாகச் சுருக்கிக் கொடுத்தேன். எக்ஸ்சேஞ்சு பற்றிய வாக்கியத்திலும் வெற்றுப் பட்டியல் பற்றிய வாக்கியத்திலும் மட்டும் கை வைக்கச் சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மென்பொருள் ஆவண எழுத்தாளர்,
கோயம்புத்தூர்.